பதினேழு ஸ்பூன், ஒரு கப்பல்

ஜூன் 3, செவ்வாய்

பெட்டி வந்துவிட்டது. கையெழுத்துப் போட கூரியர்காரர் நீட்டிய பேனாவோடு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். பாவம், மறுபடி மணியடித்து வாங்கிப் போனார்.

கப்பல் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் இது இழுவைப் படகு. துறைமுகத்துக்குள் பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்து வருமே, அந்தக் குட்டை ஆசாமி. ஒரு முழ நீளம், ஒன்றேகால் கிலோ, வெளிர் மஞ்சள் ரெசினில் வார்த்தது. இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக ரிவெட் ஆணித் தலைகள், ஒவ்வொன்றும் கடுகில் பாதி. பெட்டியைத் திறந்து பத்து நிமிஷம் சும்மா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வழியட்டும்.

தலைகால் புரியாமல் இருக்கிறேன், அதனால் விஷயத்தை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். துறைமுக அருங்காட்சியகத்தில் 'தொட்டுப் பார்க்கும் கூடம்' என்று புதிதாக ஒன்று திறக்கப் போகிறார்கள். அதற்குப் பன்னிரண்டு கப்பல் மாதிரிகள் வேண்டும். அவர்களுடைய பட்டறையிலேயே இரண்டு வருட வேலை. விண்ணப்பித்தவர்களில் மூன்று பேரைப் பொறுக்கி, ஆளுக்கு இதே வார்ப்பு ஒன்று அனுப்பியிருக்கிறார்கள். ஜூன் 30க்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். எது தேறுகிறதோ அந்த ஆளுக்கு வேலை. காப்பாட்சியர் அம்மா போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒருத்தருக்கு ஒரு வார்ப்புதான். கெட்டுப்போச்சுன்னா இன்னொண்ணு கிடையாது."

பத்தொன்பது வருடமாகப் பல் லேபில் முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் பல் செய்து கொடுக்கிறேன். ஒன்பது வருடமாகப் பின் பால்கனியில் விரல் உயரப் பொம்மைகளுக்கும் குட்டிக் கப்பல்களுக்கும் வண்ணம் தீட்டுகிறேன். முதலாவதில் சம்பளம் வருகிறது. இரண்டாவது மட்டும் இல்லையென்றால் நான் எப்போதோ யாரையாவது கடித்து வைத்திருப்பேன்.

இந்த வேலை எனக்கு வேண்டும். நாற்பத்தைந்து வயதில் ஒரு பொருளுக்கு இப்படி ஆசைப்படலாமா? படுகிறேனே.

ஜூன் 4, புதன்

பிரைமரை, நிறத்துக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சை, அடித்துச் சோதித்துப் பார்க்கப் பிளாஸ்டிக் ஸ்பூன் ஒரு பாக்கெட் வாங்கினேன். எல்லாமே பிரைமரில்தான் இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

வாகனப் பெயிண்ட் கடைக்குப் போனேன். ஷெல்ஃப் முழுக்க ஸ்ப்ரே டப்பா. நகைக்கடையில் கூட எனக்கு இப்படி வேர்த்ததில்லை.

கடைக்காரர் கேட்டார், "என்ன வண்டிம்மா?"

"கப்பல்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "எத்தனை டன்?"

"ஒண்ணேகால் கிலோ."

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவே இல்லை, அதுதான் பெரிய மனசு. ஸ்டூல் போட்டு உட்கார வைத்து ஒவ்வொரு டப்பாவாக எடுத்துக் காட்டினார். சாம்பல் நிறத்தில் கெட்டி பிரைமர், கீறலையும் பள்ளத்தையும் நிரப்பிவிடுமாம். வெள்ளை, மேலே அடிக்கும் நிறம் பளிச்சென்று தெரியும். கறுப்பு, இடுக்குகளில் நிழல் தானாக விழும். இரும்புக்கு அடிக்கும் செங்காவி. இன்னும் இரண்டு சாம்பல்கள். கடைசியில் கார் பம்பருக்கு அடிக்கும் ஒன்று, கண்ணாடித் தண்ணீரில் கொஞ்சம் சாம்பல் கரைத்தது போல.

லேபில் இதே வேலைதான் செய்கிறோம். உலோகத் தொப்பிமேல் முதலில் ஒரு மங்கலான பூச்சு, அப்புறம்தான் பீங்கான். அந்த முதல் பூச்சு சரியில்லை என்றால் மேலே எவ்வளவு அழகாகச் செய்தாலும் ஆறு மாதத்தில் பெயர்ந்து கையோடு வரும். பிரைமரும் அப்படித்தான். யார் கண்ணிலும் படாது, ஆனால் மொத்தமும் அதன் தலைமேல்தான் நிற்கும்.

ஏழு டப்பா வாங்கினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வரும்போது ஒவ்வொரு குலுங்கலுக்கும் டப்பாவுக்குள் பெயிண்டைக் கலக்கும் குண்டு கடகடவென்றது. பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

ஜூன் 7, சனி

இன்றைக்கு மாதிரி ஒரு நாள் போய் எத்தனை காலம்.

டப்பாக்களை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம் நிற்க வைத்தேன், பீய்ச்சல் சீராக வரும். ஸ்பூன்களை மொட்டைமாடித் துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். ஒரு சாண் தூரம். ஸ்பூனுக்கு வெளியே தொடங்கி, குறுக்கே ஒரே வீச்சு, வெளியே போய்தான் விரலை எடுக்க வேண்டும். ஒரே டப்பாவில் ஒரு பூச்சு, இரண்டு பூச்சு, மூன்று பூச்சு என்று வகை பிரித்ததில் மொத்தம் பதினேழு. எல்லாவற்றுக்கும் காம்பில் நம்பர் சீட்டு.

இவர் வேலையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். இவர் குளிர்சாதனப் பெட்டி மெக்கானிக். உலகத்தில் எதுவும் சத்தமில்லாமல் ஓடினால் போதும் என்று நினைக்கிற மனிதர். "இனிமே நம்ம வீட்டுல ஸ்பூனுக்குப் பஞ்சமே இல்ல. வாயில வைக்க முடியாது, அவ்வளவுதான்" என்றார். ஆனால் அவருடைய ஈரப்பத மீட்டரைக் கொண்டுவந்து கொடியில் மாட்டிவிட்டுப் போனார். "அறுபதைத் தாண்டினா அடிக்காத."

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் அத்தை துணி எடுக்க மேலே வந்தார்.

அத்தை, இவருடைய அம்மா, எங்களோடு வந்து எட்டு மாதம் ஆகிறது. கண்ணழுத்த நோயில் பார்வை முழுக்கப் போன பிறகுதான் வந்தார். அலுவலகத்தில் முப்பத்துநாலு வருடம் டைப்பிஸ்ட். வீட்டில் எல்லாமே அடிக்கணக்கு: அறையிலிருந்து மேசைக்குப் பதினொன்று, மேசையிலிருந்து குழாய்க்கு ஏழு. எதையும் இடம் மாற்றக் கூடாது என்பது சட்டம். நான் சொல்லாமல் கொள்ளாமல் துணிக்கொடியையே மாற்றி வைத்திருந்தேன்.

"இது என்னம்மா, ஈரமா ஒட்டுது?"

ஆறாம் நம்பர் ஸ்பூனில் அவருடைய கட்டைவிரல் ரேகை அச்சு அசலாகப் பதிந்துவிட்டது. "அத்தை, அதைத் தொடாதீங்க" என்று கத்தினேன். "தொடாம நான் எப்படித் துணி எடுக்கறது?" என்று கேட்டுவிட்டுத் துணியை எடுக்காமலே இறங்கிப் போனார். கேட்டது நியாயம்தான். ஆனால் ஆறாம் நம்பர் போனது போனதுதான்.

ஜூன் 8, ஞாயிறு

முடிவு வந்துவிட்டது. நாலாம் நம்பர். அந்தக் கெட்டி சாம்பல், மூன்று பூச்சு.

எல்லா ஸ்பூனையும் ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். கறுப்பு கொஞ்சம் மினுக்குகிறது. வெள்ளையில் ஓரம் வழிந்திருக்கிறது. பம்பர் பிரைமர், பதினொன்றாம் நம்பர், அழுது வடிகிறது. அடித்த மாதிரியே இல்லை, திட்டுத் திட்டாகச் சோகை பிடித்த நிறம். நாலு மட்டும் முட்டை ஓடு போல அப்படியொரு வழவழப்பு. டேப் ஒட்டிப் பிய்த்தேன், வரவில்லை. நகத்தால் கீறினேன், அசையவில்லை. உன்னைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், கண்ணே.

ஜூன் 10, செவ்வாய்

லேபில் கீழ்த்தாடை செட் ஒன்று. முதலாளி தோளுக்குப் பின்னால் நின்று, "என்ன தானா சிரிக்கிற?" என்றார். பல்லைப் பார்த்துச் சிரித்தேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜூன் 14, சனி

கப்பலைப் பாத்திரம் கழுவும் சோப்பில் குளிப்பாட்டினேன். வார்ப்பில் எண்ணெய்ப் பசை இருந்தால் எந்த பிரைமரும் உட்காராது. பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு இடுக்கும். இப்போது துண்டின் மேல் கவிழ்ந்து காய்கிறது. நாளை காலை நாலாம் நம்பர்.

ஜூன் 15, ஞாயிறு

நல்லவேளை. நல்லவேளை.

காலையில் டப்பாவைத் தண்ணீரில் வைத்துவிட்டுக் கையுறை தேடிக்கொண்டிருந்தேன். அத்தை மேசையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஸ்பூன்களை அங்கேயே விட்டிருந்தேன். சும்மா இருக்க முடியாதவர், ஒவ்வொன்றாக எடுத்து விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இதெல்லாம் வேற வேற கம்பெனியா?"

"ஒரே பாக்கெட்தான் அத்தை."

"அப்புறம் ஏன் இதுல எழுத்து இருக்கு, இதுல இல்ல?"

எழுத்தா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாங்கிப் பார்த்தேன். ஸ்பூன் காம்பின் பின்பக்கம் கம்பெனி பெயர் பொடி எழுத்தில் மேலெழும்பி இருக்கிறது. இத்தனை நாளில் நான் கவனித்ததே இல்லை. பதினொன்றாம் நம்பரில் ஒவ்வொரு எழுத்தும் இருக்கிறது. மற்ற பலதில் அரைகுறை. நாலாம் நம்பரில், என் தங்கத்தில், ஒன்றுமே இல்லை. மொழுமொழு. பள்ளத்தை நிரப்புகிற பிரைமர் மேட்டையும் சேர்த்து முழுங்கிவிட்டது.

கடுகில் பாதி ரிவெட் எங்கே மிஞ்சியிருக்கும்?

டப்பாவைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்து மேலே வைத்துவிட்டேன். அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நன்றி சொல்லாதது போகட்டும், என்ன நடந்தது என்றுகூடச் சொல்லவில்லை. ஏன்? அவர் சரியாகச் சொல்லிவிட்டார் என்ற எரிச்சல்தான், வேறென்ன.

ஜூன் 16, திங்கள்

பெட்டியோடு வந்த அருங்காட்சியகத்துக் கடிதத்தை மறுபடி படித்தேன். "பார்வையற்றவர்கள் விரல்களால் அறியும்படி." மூன்றாவது வரியிலேயே இருக்கிறது. நான் படித்தேன், தலையாட்டினேன், ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து அழகு பார்க்கப் போய்விட்டேன். வீட்டிலேயே ஒருத்தர் இருக்கிறார். எட்டு மாதமாக இருக்கிறார். ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவில்லையே எனக்கு. வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

எல்லாவற்றையும் அத்தையிடம் சொன்னேன். வேலை, முப்பதாம் தேதி, ஒரே வார்ப்பு, எல்லாம். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? நான் ஏதோ பொம்மை விளையாட்டுன்னு நெனச்சேன்" என்றார். அப்புறம், "கப்பலைக் கொண்டா."

மடியில் துண்டு விரித்து அதன்மேல் வைத்தேன். பத்து விரலும் இறங்கின. நான் ஒரு நாளும் இப்படி ஒரு பொருளைப் பார்த்ததில்லை. முனையிலிருந்து தொடங்கி, இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில், டைப் மெஷினில் கை வைக்கிற மாதிரி.

"இது கயிறு கட்டுற கொக்கியா... இது புகைபோக்கி. இந்தப் பக்கம் குண்டு குண்டா ஓடுதே, இதுதான் உன் ரிவெட்டா? மேல் வரிசையில அறுபத்தி நாலு." எண்ணியே விட்டார். அப்புறம் மேல்தளத்து அறையின் பின்புறம் போய் விரல் நின்றது. "இந்தக் கதவை யாரோ சாத்தாம போயிருக்காங்க."

"எந்தக் கதவு?"

"பாதி திறந்திருக்கு பாரு."

உருப்பெருக்கிக் கண்ணாடி எடுத்து வந்து பார்த்தேன். புகைபோக்கிக்குப் பின்னால், நிழல் விழுகிற இடத்தில், சுண்டுவிரல் நகம் அளவு கதவு. நூலிழை இடைவெளியில் திறந்திருக்கிறது. பதினாலு நாளாக இந்தக் கப்பலோடு குடித்தனம் நடத்துகிறேன், எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் சிரித்தோம். அத்தை சிரித்து இந்த வீட்டில் நான் கேட்டது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

இனிமேல் விதி இதுதான். கதவு பாதி திறந்தே இருக்க வேண்டும். அறுபத்து நாலும் அறுபத்து நாலாகவே இருக்க வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

மெல்லிய பிரைமர் என்றால் போதாது. நாள் முழுக்க நூறு கை தொடும், உரிந்து வரக் கூடாது. அதற்கு அத்தையே ஒரு பரீட்சை கண்டுபிடித்துவிட்டார். ரேடியோவில் நாடகம் ஓட, ஒரு ஸ்பூனுக்கு ஐந்நூறு தடவை கட்டைவிரலால் தேய்ப்பது. எழுத்து மிஞ்சியிருந்த ஒன்பது ஸ்பூன்களும் வரிசையில். "நாடகத்துல அந்தப் பொண்ணு அழறதுக்குள்ள வெள்ளை போயிடுச்சு" என்று அறிக்கை தருகிறார். செங்காவி முந்நூறில் கை முழுக்கச் சிவப்பு. கறுப்பு நானூற்றுச் சொச்சம்.

லேபிலிருந்து ஓடி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்கிறேன், "இன்னைக்கு யாரு போனா?" இவர் தலையில் அடித்துக்கொள்கிறார்.

ஜூன் 21, சனி

பதினொன்று!

அழுது வடிகிற, சோகை பிடித்த, நான் தூக்கிப் போட இருந்த பம்பர் பிரைமர். ஐந்நூறு அல்ல, அத்தை பிடிவாதமாக ஆயிரம் தேய்த்தார். எழுத்தும் இருக்கிறது, பூச்சும் இருக்கிறது. "இவன்தான் ஆளு" என்று ஸ்பூனை மேசையில் தட்டினார்.

கடைக்கு ஓடினேன். கடைக்காரர் டப்பாவை எடுத்துக்கொண்டே விளக்கினார்: பம்பர் வளையும், நெளியும், கல் தெறிக்கும், அதனால் மெல்லிசாக இருந்தாலும் உடும்பு மாதிரிப் பிடிக்கிற சரக்கு. "உங்க கப்பல் எங்கயும் மோதிச்சுன்னாகூடக் கவலையில்லம்மா."

ஜூன் 22, ஞாயிறு

மழை. மீட்டர் 91. தொட்டி மீன் மாதிரி ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு நாள் போனது.

ஜூன் 24, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

வெயில் வந்தது. மீட்டர் 54. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தேன். எல்லாம் முறைப்படி. ஆனால் டப்பாவை எடுத்ததும் பயம் பிடித்துக்கொண்டது. புதைந்துவிடுமோ, அறுபத்து நாலும் புதைந்துவிடுமோ. ஒரு சாணில் நிற்க வேண்டிய கை தானாகப் பின்னால் போனது. ஒரு முழம். அதற்கும் மேலேயே இருக்கும். பனி போல லேசாக விழுகிறது, ஆகா எவ்வளவு மெல்லிசு என்று சந்தோஷமாக இரண்டு பக்கமும் அடித்து முடித்தேன்.

அவ்வளவு தூரத்தில் பிரைமர் காற்றிலேயே காய்ந்துவிடும். காய்ந்த பொடிதான் போய் ஒட்டும். இது எனக்குத் தெரியாதா? ஒன்பது வருடமாகத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

காய்ந்த பிறகு அத்தையிடம் கொடுத்தேன். ஒரு தடவை தடவிப் பார்த்தார். "என்னம்மா, உப்புத்தாள்ல கப்பல் செஞ்சிருக்க?"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு எங்கிருந்து வந்தது அந்தக் கோபம்? "கண்ணுதான் தெரியாது, குறை மட்டும் நல்லாத் தெரியுதா?" என்று கேட்டுவிட்டேன். பாதியில்கூட நிறுத்தவில்லை. முழுசாகக் கேட்டேன்.

அத்தை கப்பலை மெதுவாக மேசையில் வைத்தார். எழுந்து அறைக்குப் போனார். பதினோரு அடி. எட்டு மாதத்தில் ஒரு நாளும் தப்பியதில்லை, இன்றைக்குப் பத்திலேயே திரும்பித் தோளை நிலைக்கதவில் இடித்துக்கொண்டார். நான் ஓடிப் போய்ப் பிடிக்கவில்லை. அப்படியே நின்றேன். என்ன பொம்பளை நான்?

கப்பல் போச்சு. அது ரெண்டாவது.

ஜூன் 25, புதன்

வீட்டில் ரேடியோ ஓடவில்லை.

ஜூன் 26, வியாழன்

காலையில் லேபுக்குப் போகவில்லை. அத்தையின் அறை வாசலில் போய் நின்றேன். சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துவிட்டது. "அத்தை, நான் சொன்னது ரொம்பத் தப்பு. என்னை மன்னிச்சிடுங்க" என்று மட்டும் வந்தது. அப்புறம் அழுகை.

"வலிச்சுது" என்றார். "இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"ம்."

"கப்பலை என்ன பண்ணின?"

"பெட்டியில வச்சுட்டேன். அவங்களுக்குப் போன் பண்ணி முடியலன்னு சொல்லப் போறேன்."

"முப்பத்திநாலு வருஷம் டைப் அடிச்சிருக்கேன். கடைசி வரியில ஒரு எழுத்துத் தப்பினா பக்கத்தையே உருவிட்டு வேற பேப்பர் சொருகணும். எத்தனை பக்கம் உருவியிருப்பேன், தெரியுமா? ஒரு பக்கத்துக்காகவும் நான் வேலைய விட்டுட்டுப் போனதில்ல." கையை நீட்டினார். "பழைய பல் பிரஷ் ரெண்டு எடு. உங்க லேப்ல ஸ்பிரிட் இருக்குமே?"

இருந்தது, பால்கனியிலேயே ஒரு பாட்டில். காற்றில் காய்ந்து விழுந்த பொடி, அதனால் பிடிப்பே இல்லை. ஸ்பிரிட் நனைத்த துணி பட்டதும் கழன்று வந்தது. என் முட்டாள்தனமே எனக்குக் கை கொடுத்தது. நான் இடது பக்கம், அத்தை வலது பக்கம். எனக்குச் சுத்தமாகத் தெரிந்த இடத்திலெல்லாம் அவர் விரல் வைத்து, "இங்க இன்னும் மணல் இருக்கு" என்றார். நாலு மணி நேரம். மேல் வரிசை அறுபத்து நாலு, இருக்கிறது. கதவு, பாதி திறந்திருக்கிறது.

லேப் முதலாளிக்கு வயிற்றுவலி என்று சொல்லியிருந்தேன். இவர் சாயங்காலம் வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், ஸ்பிரிட் நாற்றத்தை முகர்ந்தார், ஒன்றும் கேட்காமல் போய் ரேடியோவைப் போட்டார்.

ஜூன் 28, சனி

அடித்தாயிற்று. சரியாக அடித்தாயிற்று.

காலை பத்தரை, மீட்டர் 49. இவர் பட்டறையிலிருந்து சுழலும் தட்டு ஒன்று கொண்டுவந்து கப்பலை அதன்மேல் வைத்து, நான் சொல்லச் சொல்லச் சுற்றினார். என் கை பின்னால் போகாமல் இருக்க அத்தை ஒரு வழி சொன்னார்: ஒரு சாண் நீளக் குச்சி ஒன்றை டப்பாவோடு சேர்த்து ரப்பர் போட்டுக் கட்டிவிட்டோம். குச்சி முனை கப்பலைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பார்க்கக் கேவலமாக இருந்தது. பிரமாதமாக வேலை செய்தது.

அத்தை நாற்காலி போட்டுக் காற்று வருகிற பக்கம் உட்கார்ந்து காதால் அடித்தார். பாதியில், "நிறுத்து. சத்தம் மாறுது, குலுக்கு" என்றார். விரலை எடுத்துப் பார்த்தால் டப்பாவின் மூக்கில் ஒரு துளி திரண்டு நிற்கிறது. இன்னொரு நொடி விட்டிருந்தால் நேராகக் கதவின் மேல் தெறித்திருக்கும். துடைத்தேன், குலுக்கினேன், தொடர்ந்தேன்.

இரண்டு பூச்சு, இடையில் இருபது நிமிஷம். சாயங்காலம் அத்தை தொட்டு எண்ணினார். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அறுபத்து மூன்று என்று நிறுத்தி, இவர் முகம் மாறும் வரை காத்திருந்து, "நாலு" என்றார். மாமியார் என்றால் சும்மாவா.

ஜூன் 29, ஞாயிறு

நிறம் ஒரே ஒரு மெல்லிய பூச்சு. கீழே சிவப்பு, மேலே கறுப்பு, அறைக்கு வெள்ளை. துரு, கறை, நிழல், எனக்கு வரும் வித்தை எதையும் காட்டவில்லை. கை அரித்தது, ஆனாலும் காட்டவில்லை. கண்ணுக்குச் சுமார்தான். நாளைக்கு மற்ற இரண்டையும் பார்த்தால் என்ன ஆவேனோ?

ஜூன் 30, திங்கள்

பார்த்தேன். ஒன்றுமில்லாமல் ஆனேன்.

மூன்று கப்பலும் நீள மேசையில். ஒன்றில் துரு வழிகிறது, நிஜமாகவே கடலில் கிடந்து எடுத்தது போல. இன்னொன்று கண்ணாடிப் பளபளப்பு, என் முகம் தெரிகிறது. நடுவில் என்னுடையது, பள்ளிக்கூடச் சீருடை போட்ட பிள்ளை மாதிரி நிற்கிறது. துருக் கப்பல்காரர் நல்ல மனிதர், என்னுடையதைப் பார்த்து, "நேரம் பத்தலையா?" என்று அன்பாகக் கேட்டார்.

ஒரு வாரம் கூடத்தில் வைத்து வருகிறவர்களைத் தொடச் சொல்வார்களாம். அதன் பிறகுதான் முடிவு.

ஜூலை 4, வெள்ளி

போன் இல்லை. லேபில் ஒரு கடைவாய்ப் பல்லை இரண்டு தடவை செய்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

பதினொன்றே கால் மணிக்குப் போன் வந்தது. மெழுகுக் கையோடு எடுத்தேன்.

காப்பாட்சியர் அம்மா சுற்றி வளைக்கவில்லை. "ஒரு வாரம் பார்த்தோம். ஒரு கப்பல்ல துரு பொடியா உதிர்ந்து எல்லார் கையிலயும் ஒட்டுது. இன்னொண்ணு வழவழன்னு இருக்கு, சோப்புக் கட்டியத் தொடற மாதிரி இருக்குன்னு ஒரு பொண்ணு சொல்லிச்சு. உங்களோடதைத் தொட்டவங்க எல்லாரும் எங்ககிட்ட ஒரே விஷயத்தைச் சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"யாரோ கதவைச் சாத்தாம போயிட்டாங்கன்னு. அப்படி ஒரு கதவு இருக்கறது எங்களுக்கே தெரியாது."

வேலை எனக்குத்தான். எனக்குத்தான். லேபில் எல்லார் முன்னாலும் ஸ்டூலில் ஏறி நின்றேனாம், எனக்கு நினைவில்லை. முதலாளி கைகொடுத்துவிட்டு, "அப்போ அந்த வயித்துவலி?" என்றார்.

போனை வைப்பதற்கு முன் அந்த அம்மா கேட்டார், "இதை யார் உங்களுக்குத் தொட்டுச் சரிபார்த்துச் சொன்னது?" சொன்னேன். பிறகு இன்னொரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில் நான் சொல்ல முடியாது, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அத்தை பிடி கொடுக்காமல், "பஸ்ஸா, நடையா?" என்றார்.

ஜூலை 14, திங்கள்

முதல் நாள். பட்டறையில் ஜன்னல் ஓரம் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள், தீட்ட நான், தொட்டுச் சரிபார்க்க அத்தை. இரண்டாவது வார்ப்பு வந்து காத்திருக்கிறது, மூன்று பாய்மரம். ஷெல்ஃபில் பம்பர் பிரைமர் ஒரு டஜன். பக்கத்தில் பதினொன்றாம் நம்பர் ஸ்பூனைக் கொண்டுபோய் வைத்தேன். பெருக்க வந்தவர் சாப்பிடுகிற ஸ்பூன் என்று நினைத்துக் கழுவி வைத்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லை, அதுவும் ஒரு பரீட்சைதான்.

மேசையில் இருக்கிற எதையும் யாரும் இடம் மாற்றக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நுழைவாயிலிலிருந்து எங்கள் மேசைக்கு நாற்பத்திரண்டு அடி. வரும்போது ஒரு தரம், போகும்போது ஒரு தரம் அத்தை எண்ணிவிட்டார்.